ஜோஃபியே என்பவர் யார்?

அன்புள்ள ஐயா,

திருச்சியில் பிறந்த நான் பதினோரு ஆண்டுகளாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறேன். என் கணவரின் தாத்தா செக் நாட்டவர். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த பிறகு, பிர்னோ நகரத்திலிருந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் வியன்னா வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். நம்முடைய செக் தமிழறிஞர் கமில் சுவெலபிலும் அந்தப் படையெடுப்புக்குப் பிறகுதான் நாட்டை விட்டு வெளியேறினார் என்று அறிந்த நாளிலிருந்து எனக்குத் தாத்தாவின் மேல் தனிப் பாசம். சென்ற குளிர்காலத்தில் அவர் காலமானார். ஓய்வு பெறும்வரை கடைசல் பட்டறையில் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் தோட்டத்தில் இருந்தார். நூல்கோல், சோம்பு, கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஒரு சிவப்புப் பழம், வேலியோரத்தில் ஓர் ஆப்பிள் மரம். இயற்கையை அவ்வளவு நேசித்தவர். அந்தத் தோட்டம் அவருடைய தாய்நாட்டு ஏக்கம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

என் பிள்ளைகளுக்காக அவருடைய வாழ்க்கையை எழுத விரும்புகிறேன். ஆனால் ஆதாரம் எதுவுமில்லை. 1970 முதல் அவர் எழுதிவந்த 40க்கும் மேற்பட்ட நோட்டுகள் இருக்கின்றன. கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். மழை, உறைபனி, காய்களின் எடை, ஆகஸ்டில் தடுப்பூசி போட்டது, இவ்வளவுதான். அக்டோபர் தோறும் ‘ஒன்டாரியோ’ என்று எழுதிப் பக்கத்தில் ஓர் எண். தான் எங்கே வாழ்கிறோம் என்பதைத் தனக்கே சொல்லிக்கொண்டாரோ என்னவோ. முதல் சில ஆண்டுகளின் மே மாதங்களில் பங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ் என்று மூன்று ஆண்களின் பெயர்களும் ஜோஃபியே என்ற பெண்ணின் பெயரும் வருகின்றன. பிறகு அவர்களைக் காணோம். குடும்பத்தில் யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை. இறந்துவிட்டார்களா, மனத்தாங்கலா? ஜோஃபியேயைப் பற்றிக் கேட்க என் மாமனாருக்குத் தயக்கமாக இருக்கிறது. இவர்களைத் தேடிக் கண்டுபிடித்தால் எழுத ஏதாவது கிடைக்குமா? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

வீட்டை வரும் வசந்த காலத்தில் விற்கப்போகிறோம். நோட்டுகளை வைத்துக்கொள்ள இடமில்லை. அவர் நினைவாக, செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் அவர் பிறந்த கிராமத்துக்குப் போய் பிளம் மரத்துக் குச்சிகளைக் கொண்டுவந்து எங்கள் புது வீட்டில் ஒட்டுக் கட்டலாம் என்று நினைக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை படித்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம். நோட்டுகளை வைத்துக்கொள்ள இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக. 40 நோட்டுகள் ஒரு செருப்புப் பெட்டியிலோ இரண்டு பெட்டிகளிலோ அடங்கிவிடும். தயவுசெய்து அவற்றை இன்றைக்கே எடுத்து ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு பேசலாம்.

தமிழா ஆங்கிலமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு எந்த மொழியில் கை ஓடுகிறதோ அதில் எழுதலாம். சுவெலபில் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

ஜோஃபியே உங்கள் தாத்தாவின் காதலியும் இல்லை, தோழியும் இல்லை. உங்கள் மாமனாரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். செக் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு. மே 12 பங்க்ராட்ஸ், 13 செர்வாட்ஸ், 14 போனிஃபாட்ஸ். இந்த மூவரும் கிறித்தவப் புனிதர்கள். ஆனால் தோட்டக்காரர்களுக்கு இவர்கள் பனிக்கட்டி மனிதர்கள். நன்றாக வெயில் அடித்து, மரமெல்லாம் பூத்து, இனி குளிர் இல்லை என்று மனம் நம்பிவிட்ட பிறகு, மே மாத நடுவில் ஒரு குளிர்காற்று திரும்பி வந்து ஒரே இரவில் இளம் நாற்றுகளைக் கருக்கிவிட்டுப் போகும். மூன்று பெயர்களையும் சேர்த்துச் செல்லமாக ‘பான் செர்போனி’ என்பார்கள். ‘பான்’ என்றால் செக் மொழியில் ‘திரு’. மே 15 ஜோஃபியேயின் நாள். அவளும் போன பிறகுதான் தக்காளி நாற்றைத் தரையில் வைக்க வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிர்னோவில் வேலை பார்க்கும் என் மகளோடு ஒரு நவம்பர் முதல் ஜூன் வரை தங்கியிருந்தேன். அந்த மாதங்களின் குறிப்புகளைத்தான் இப்போது ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். அதற்கு நடுவில்தான் உங்கள் கடிதம் வந்தது. வீட்டுக்காரப் பெண்மணியின் தந்தைக்கு அப்போது வயது 80க்கு மேல். நகரத்துக்கு நடுவே க்ராவீ ஹோரா என்று ஒரு குன்று இருக்கிறது. பெயருக்குப் பசுக் குன்று என்று பொருள். அதன் சரிவில் சிறு சிறு துண்டுகளாகத் தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மரக் குடிசை, ஒரு மழைநீர்ப் பீப்பாய். அவருடைய துண்டும் அங்கே இருந்தது. டிசம்பர் 4, புனித பார்பராவின் நாளன்று, என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் செர்ரி மரத்தில் நான்கு குச்சிகளை வெட்டிக் கொடுத்தார். மொட்டைக் குச்சிகள். வெதுவெதுப்பான அறையில் தண்ணீரில் வைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பூக்கும் என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறை மேசையில் அந்தக் குச்சிகள் வெள்ளையாகப் பூத்ததை டிசம்பர் 23 அன்று பார்த்தேன்.

ஏப்ரல் கடைசியில் அவர் வீட்டு ஜன்னல் விளிம்பு முழுக்கத் தயிர்க் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளி நாற்று. காலை 10 மணிக்கு அவற்றை ஒரு தட்டில் அடுக்கி மாடி முகப்புக்குக் கொண்டுபோவார். மாலை 5 மணிக்கு உள்ளே கொண்டுவருவார். ஏறக்குறைய மூன்று வாரம், தினமும். சென்னை வெயிலுக்குச் சமமாக வெயில் அடித்த ஒரு நாள், இன்றைக்கு நட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். விரலை உயர்த்தி, மாணவனை அதட்டுவதுபோல, ‘ஜோஃபியே’ என்று ஒரே சொல் சொன்னார். அந்த ஆண்டு 14ஆம் தேதி விடியற்காலையில் புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல உறைபனி படிந்திருந்தது.

இப்போது உங்கள் தாத்தாவின் நோட்டுக்கு வாருங்கள். அந்தப் பெயர்கள் முதல் சில ஆண்டுகளில் இருக்கின்றன, பிறகு இல்லை என்கிறீர்கள். அவர்கள் இறந்துவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். ம., நீங்கள் கையில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியவில்லை. ஒன்டாரியோவின் குளிர் பிர்னோவின் குளிரைவிடக் கடுமையானது. பிர்னோவின் புனிதர்களை நம்பி மே 16ஆம் தேதி நாற்றை நட்டவர், ஏதோ ஓர் ஆண்டில் அவற்றைப் பறிகொடுத்திருப்பார். ஒருவேளை இரண்டு மூன்று ஆண்டுகள் பறிகொடுத்திருப்பார். உங்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள் எதைப் பார்த்து நடுகிறார்கள்? மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா நாள் விடுமுறையை. அந்த வார இறுதிக்கு முன்னால் நாற்றை வெளியே வைக்காதே என்று அங்கே சிறு பிள்ளைகூடச் சொல்லும். உங்கள் தாத்தா ஒரு கட்டத்தில் ஜோஃபியேயை விட்டுவிட்டு விக்டோரியாவுக்கு மாறியிருக்கிறார். விமான நிலையத்தில் இறங்கிய நாளும் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய நாளும் அரசாங்கத்துக் கணக்கில் இருக்கும். அந்த மனிதர் கனடாவுக்கு வந்து சேர்ந்த நாள் அந்த நோட்டில்தான் இருக்கிறது. ஜோஃபியேயின் பெயர் வராத முதல் மே மாதம் அது.

ஆகவே ‘தாய்நாட்டு ஏக்கம்’ என்ற சொல்லை உங்கள் கட்டுரையில் எங்கும் எழுதாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் புலம்பெயர்ந்த ஒருவர் செடி வளர்த்தார் என்றவுடன் நாம் எல்லாரும், நானும் உட்பட, அந்தச் சொல்லைத்தான் எடுத்து ஒட்டுகிறோம். ஏங்குகிறவன் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்; பழைய பாட்டைக் கேட்பான். தோட்டம் போடுகிறவனுக்கு அதற்கெல்லாம் வழியே இல்லை. காலடியில் இருக்கும் மண் களிமண்ணா மணலா, தண்ணீர் எங்கே தேங்குகிறது, வேலியின் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழுகிறது, முயல் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்பதையெல்லாம் அவன் கற்றாக வேண்டும். நூல்கோலையும் சோம்பையும் சிவப்புக் கொத்துப் பழத்தையும் அவர் ஊர் நினைவால் தேர்ந்திருக்கலாம். அது முதல் நாள் ஆசை. இரண்டாம் நாளிலிருந்து அவர் பேச்சுவார்த்தை நடத்தியது ஒன்டாரியோவின் மண்ணோடு. ‘இயற்கையை நேசித்தவர்’ என்பதும் இதேபோன்ற சொல்தான். நம் அஞ்சலிக் குறிப்புகளில் பாதிப் பேர் இயற்கையை நேசித்தவர்களாகவே செத்துப்போகிறார்கள். அவர் எதை நட்டார், எதைப் பிடுங்கினார், எந்தச் செடியிடம் தோற்றார் என்று எழுதுங்கள். நேசித்தாரா இல்லையா என்று உங்கள் பிள்ளைகளே தெரிந்துகொள்வார்கள்.

அடுத்து, அந்த ‘ஒன்டாரியோ’. தான் எங்கே வாழ்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார் என்ற உங்கள் ஊகம் அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. ஒன்டாரியோ என்பது ஓர் ஆப்பிள் வகை. பக்கத்தில் இருக்கும் எண், பறித்த பழத்தின் எடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உங்கள் மாகாணத்திலேயே, பாரிஸ் என்ற சிற்றூரில், சார்லஸ் ஆர்னால்டு என்ற நாற்றுப்பண்ணைக்காரர் இரண்டு ஆப்பிள் வகைகளைக் கலந்து உண்டாக்கிய ரகம் அது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் வீட்டுத் தோட்டங்களில் வேரூன்றிவிட்டது. அக்டோபர் கடைசியில் பறிப்பார்கள். பறித்தவுடன் தின்றால் புளிக்கும். நிலவறையில் வைத்தால் வசந்தம்வரை கெடாது. பிர்னோ முதியவர் மார்ச் மாதத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். தோல் மெழுகு பூசினாற்போல வழுவழுப்பாக, லேசாகச் சுருங்கி இருந்தது. உள்ளே சாறு குறையவேயில்லை. பெயரைக் கேட்டபோது ‘ஒன்டாரியோ’ என்றார். அவருக்கு அது முழுக்க முழுக்கச் செக் ஆப்பிள்.

இதை எண்ணிப் பாருங்கள். உங்கள் தாத்தா சிறுவனாக இருந்தபோது, கனடா என்பது எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத வயதில், அந்தச் சொல்லைப் பல்லால் கடித்திருப்பார். 1968க்குப் பிறகு கனடா ஏறத்தாழ 12,000 செக்கோஸ்லோவாக்கியர்களுக்கு இடம் கொடுத்தது. அவர்களில் ஒருவராக விண்ணப்பத்தில் போகும் இடத்தின் பெயரைப் பார்த்தபோது அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு பழமாகத்தான் இருந்திருக்கும். அந்த மரத்தின் கன்றை அவர் எங்கே வாங்கினார், எந்த ஆண்டு நட்டார், முதல் காய் எப்போது வந்தது என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். தேடுங்கள்.

ஆகஸ்டுத் தடுப்பூசியும் அப்படித்தான். செக் மொழியில் ‘ஒச்கோவானீ’ என்ற ஒரே சொல் தடுப்பூசிக்கும் வரும், மொட்டு ஒட்டுக் கட்டுவதற்கும் வரும். ‘கண்’ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது, நாமும் உருளைக்கிழங்கு முளைக்கும் இடத்தைக் கண் என்கிறோம் அல்லவா. மொட்டு ஒட்டுக்குப் பருவம் கோடையின் பிற்பகுதி. கைபேசி உங்கள் தாத்தாவை ஆண்டுதோறும் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது; அவரோ கத்தியோடு மரத்தடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். செக் தெரிந்த ஒரு மனிதரை வைத்து நோட்டுகளைப் படியுங்கள். அந்த மொழியில் ஏப்ரலுக்குப் பெயர் ஓக் மரத்தை ஒட்டி வருகிறது. நவம்பருக்கு ‘லிஸ்தோபத்’, இலையுதிர்வு. தேதி எழுதும்போதே தோட்டத்தை எழுதிவிடுகிற மொழி அது.

எடையும் எண்ணிக்கையும் உறைபனியும் வாழ்க்கை இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? க்ராவீ ஹோராவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மடாலயம் இருக்கிறது. அங்கேதான் கிரிகோர் மெண்டல் பட்டாணி வளர்த்தார். ஒரு சோதனையில் 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள் என்று உட்கார்ந்து எண்ணி எழுதிவைத்தார். தினமும் வானிலையையும் குறித்துவந்தார். 1884இல் அவர் இறந்த பிறகு மடத்தில் அவருடைய காகிதங்களை எரித்துவிட்டார்கள். அச்சில் வந்த கட்டுரை தப்பித்தது, கைக்குறிப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. எரித்தவர்களுக்கும் இடம்தான் இல்லாமல் இருந்திருக்கும்.

பிர்னோ முதியவரின் கதையில் ஒரு பகுதியை இதுவரை நான் எங்கும் எழுதவில்லை. அவருடைய தம்பி 1969இல் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போவது அங்கே குற்றம். போனவர்கள் இல்லாமலே வழக்கு நடத்தித் தண்டனை விதித்தார்கள், சொத்தைப் பறித்தார்கள். இருபது ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் கடிதத்தால் மட்டுமே பேசிக்கொண்டார்கள். வெளிநாட்டுக்குப் போன உறவினரின் கடிதம் வழியில் பிரிக்கப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் தோட்டத்தைப் பற்றி மட்டுமே எழுதினார்கள். குடிசையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்தக் கடிதங்கள் இருந்தன. ஒன்றை எடுத்து மகளை விட்டு எனக்கு மொழிபெயர்க்கச் சொன்னார். ‘இந்த ஆண்டு மூத்த கன்றை நட இடம் கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டும் கிடைக்காது என்கிறார்கள்’ என்று அதில் அவர் எழுதியிருந்தார். சித்தப்பா ஓடிப்போனதால் அவருடைய மூத்த மகனுக்குக் கல்லூரியில் இடம் மறுத்திருந்தார்கள். தம்பி எழுதிய பதில் அதன் பின்னாலேயே இருந்தது: ‘கன்றைத் தொட்டியில் வைத்திரு, வேர் சுருளாமல் பார்த்துக்கொள்.’

1989 நவம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்தது. அடுத்த வசந்தத்தில் தம்பி முதல்முறையாகத் திரும்பி வந்தார். இரண்டு பேரும் வேலிக்கதவில் நின்றார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்த தம்பி சொன்ன முதல் சொற்களைப் பெரியவர் எனக்கு நடித்தே காட்டினார். மரத்தை அண்ணாந்து பார்த்து, ‘இந்தக் கிளையை நீ வெட்டியிருக்கக் கூடாது’ என்றாராம். சொல்லிவிட்டு முதியவர் வெகுநேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் தாத்தாவுக்கும் பிர்னோவில் யாராவது இருந்திருப்பார்கள். அங்கே போன கடிதங்களும் உறைபனி, மழை, காய்களின் எடை என்றே போயிருக்கும். நோட்டில் அந்த வரிகளை அவர் முதலில் யாருக்காக எழுதிப் பார்த்தார் என்பதை உங்கள் மாமனாரிடம் கேளுங்கள். ஜோஃபியேயைக் கேட்கத் தயங்கிய நீங்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாக, பிளம் குச்சிகள். இதைச் செய்யவே செய்யாதீர்கள். எவ்வளவு நல்ல மனத்தோடு யோசித்திருந்தாலும் இது தவறு. உங்கள் தாத்தா இருந்திருந்தால் என்னைவிடக் கடுமையாகத் திட்டியிருப்பார். மொராவியாவின் பிளம் மரங்களில் ‘ஷார்கா’ என்ற வைரஸ் நோய் பரவலாக இருக்கிறது. மனிதர்களை ஒன்றும் செய்யாது; காயில் வளையம் வளையமாகத் தழும்பு விழுந்து, பழுக்குமுன்பே உதிரும். அருகிலுள்ள மரத்துக்கு அசுவினிப் பூச்சி கொண்டுபோகும். கடல் கடந்து கொண்டுபோவது மனிதர்கள் எடுத்துச் செல்லும் குச்சிகளும் கன்றுகளும்தான். மருந்து கிடையாது. 2000ஆம் ஆண்டில் அந்த நோய் உங்கள் மாகாணத்தின் நயாகரா பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, பீச், பிளம் மரங்களைத் தோப்புத் தோப்பாக வெட்டி எறிந்தார்கள். ஒருவருடைய நினைவுக்காக இன்னொரு விவசாயியின் தோப்பை யாரும் பணயம் வைக்கக் கூடாது.

குச்சி வேண்டுமென்றால் உங்கள் வீட்டு வேலியோரத்தில், தாத்தாவின் ஒன்டாரியோ மரத்தில் இருக்கிறது. வீட்டை வசந்தத்தில்தானே விற்கிறீர்கள்? பிப்ரவரிக் கடைசியில், மொட்டு வீங்குவதற்கு முன், சென்ற ஆண்டு விட்ட தளிரில் பென்சில் பருமனுள்ள குச்சிகளாகப் பத்து வெட்டுங்கள். ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அதே பெட்டியில் பழங்களை வைக்காதீர்கள். பழம் விடும் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும். மே மாதம் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டும்போது, பட்டைக்குக் கீழே பச்சையாகத் தெரிகிற மெல்லிய படலம் இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும். அதைத் தவிர மற்றதெல்லாம் கொஞ்சம் பிசகலாம். பத்தில் நான்கு பிழைத்தால் நல்லது. ஆண்டையும் தேதியையும் எழுதிக் கட்டுங்கள். பழைய வீட்டை வாங்குகிறவர்களிடமும் அந்த மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தவுடன், நோட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி மே மாதப் பக்கங்களை மட்டும் திறந்து பாருங்கள். ஜோஃபியே எந்த ஆண்டு கடைசியாக வருகிறாள், அடுத்த ஆண்டு அதே தேதியில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.